அரசின் மூன்று கிளைகளும் நம் உரிமைகளும்

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுப் பணியை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலர்க் குழுவினர் என்னை அழைத்து, "இளைஞர்களுக்குப் பயன்படும் வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தாருங்கள்" என்று பணித்தனர். எதைப்பற்றி எழுதுவது என்று எண்ணியபோது, என் வகுப்பறையில் ஆண்டுதோறும் நிகழும் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது.

அரசின் கிளைகள் எத்தனை என்று கேட்டால் மாணவர் அனைவரும் கை உயர்த்துவர். "சட்டமன்றம், நிர்வாகம், நீதி" என்று வாய்பாடு போல ஒப்புவிப்பர். அடுத்து நான் வேறொரு வினா விடுப்பேன். "உங்கள் தெருவுக்கு வரவேண்டிய குடிநீர்க் குழாய் வரவில்லை. இம்மூன்றில் எதனிடம் சென்று கேட்பீர்கள்?" வகுப்பில் அமைதி நிலவும். பாடம் மனப்பாடமாகி இருக்கிறது; ஆனால் அது தங்கள் தெருவைப் பற்றிய பாடம் என்பதை அவர்கள் அறியவில்லை. பிள்ளைகளை மட்டும் குறை கூறுவானேன்? பெற்றோரிலும் பலர் அந்நிலையிலேயே உள்ளனர். ஆகவே, அரசின் மூன்று கிளைகள் எவ்வாறு தோன்றின, அவை நம் மக்களுக்கு எப்போது உதவின, எப்போது கைவிட்டன என்பதைச் சுருக்கமாக இங்கே எடுத்துரைக்க விழைகின்றேன்.

அதிகாரத்தை ஏன் பிரிக்க வேண்டும்?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய நம் ஊர்கள் ஆங்கிலேயர் காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அம்மாவட்டத்தின் கலெக்டரே நிலவரி விதிப்பார். அவரே வரியைத் தண்டுவார். அவரே மாவட்ட மாஜிஸ்திரேட்டாகவும் இருந்து, அவரும் அவர்தம் கீழ் அதிகாரிகளும் குற்ற வழக்குகளையும் விசாரிப்பர். வரி செலுத்த இயலாத ஓர் ஏழை உழவன் அதிகாரி மீது குறை கூற விரும்பினால், அக்குறையைக் கேட்கவேண்டியவரும் அதே அதிகாரியாகவே இருப்பார். அடித்தவனிடமே சென்று அடிபட்டவன் முறையிடும் நிலை அது.

இந்நிலை எந்நாட்டிலும் தீங்கானதே என்பதைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் மாண்டெஸ்கியூ 1748-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். சட்டம் இயற்றும் அதிகாரம், அதனைச் செயற்படுத்தும் அதிகாரம், அதன்படி தீர்ப்பளிக்கும் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒரே கையில் குவிந்தால் மக்களுக்கு விடுதலை இராது என்பது அவர்தம் கொள்கை. ஏட்டில் இருந்த இக்கொள்கையை முதன்முதலில் ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டமாகவே எழுதி வைத்தவர்கள் அமெரிக்கர்கள்.

அமெரிக்காவில் இட்ட அடித்தளம்

இங்கிலாந்தின் பிடியிலிருந்து விடுபட்ட அமெரிக்க மாநிலங்களின் பிரதிநிதிகள் 1787-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் கூடினர். மாநாட்டில் கலந்துகொண்டோர் 55 பேர். செப்டம்பர் 17-ஆம் நாள் கையொப்பமிட்டோர் 39 பேர். அவர்கள் வகுத்த அரசியல் சட்டத்தின் முதல் மூன்று பிரிவுகளே மூன்று கிளைகளாகும். முதற்பிரிவு காங்கிரஸ் எனப்படும் சட்டமன்றத்தையும், இரண்டாம் பிரிவு குடியரசுத் தலைவரையும், மூன்றாம் பிரிவு உச்ச நீதிமன்றத்தையும் பற்றியவை.

மூன்றையும் பிரித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ஒன்று மற்றொன்றைத் தடுத்து நிறுத்தவும் வழி செய்தனர். காங்கிரஸ் இயற்றும் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் மறுக்கலாம். இரு அவைகளும் மூன்றில் இரு பங்கு வாக்குகளால் அம்மறுப்பை முறியடிக்கலாம். நீதிபதிகளைத் தலைவர் தேர்ந்தெடுப்பார். ஆனால் செனட் அவை இசைவளிக்கவேண்டும். அரசியல் சட்டத்திற்கு முரணான சட்டத்தைச் செல்லாது என அறிவிக்கும் அதிகாரம் தனக்குண்டு என உச்ச நீதிமன்றம் 1803-ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் நிலைநாட்டியது. மும்முனைக் கயிறு இழுப்பது போன்ற ஏற்பாடு இது. எம்முனையும் தளர்ந்துவிடக் கூடாது. எம்முனையும் தனித்து இழுத்துச் சென்றுவிடவும் கூடாது.

ஆயினும் இவ்வழகிய கட்டடத்தின் அடித்தளத்திலேயே ஒரு பெரும் விரிசல் இருந்தது. "மக்களாகிய நாம்" என்று தொடங்கிய அச்சட்டம் கறுப்பின அடிமைகளை மக்களாகக் கொள்ளவில்லை. மாநிலங்களுக்குரிய உறுப்பினர் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது மட்டும், ஐந்து அடிமைகளை மூவராக எண்ணிக்கொள்ளலாம் என்று விதித்தது. அவர்களுக்கோ வாக்குரிமை இல்லை. 1857-இல் டிரெட் ஸ்காட் என்னும் அடிமை தம் விடுதலை வேண்டித் தொடுத்த வழக்கில், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக இருக்கவே முடியாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று கிளைகளும் செவ்வனே இயங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் இத்தீர்ப்பு வந்தது என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். பொறி சரியாக இயங்கினால் மட்டும் போதாது. அப்பொறியை இயக்குவோரில் நாமும் ஒருவராக இருக்கிறோமா என்பதே முதன்மையான வினா.

உள்நாட்டுப் போருக்குப் பின்னரே 1865-இல் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-இல் 14-ஆவது திருத்தம் குடியுரிமையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பும் வழங்கியது. 1870-இல் 15-ஆவது திருத்தம் வாக்குரிமையில் நிறவேற்றுமை கூடாது என்றது. அதன் பின்னரும் வெள்ளையர்க்கு ஒரு பள்ளி, கறுப்பர்க்கு ஒரு பள்ளி என்ற நிலை 1954-ஆம் ஆண்டின் பிரவுன் வழக்குத் தீர்ப்பு வரை சட்டப்படியே நீடித்தது. 

அண்ணல் கண்ட ஏற்பாடு

இவ்வரலாற்றை நேரில் சென்று கற்றவர் நம் அண்ணல் அம்பேத்கர். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றார். பின்னாளில், 1946-இல், கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டார். இரு நாட்டு ஒடுக்கப்பட்டோரின் நிலையையும் அவர் ஒப்பிட்டு ஆராய்ந்து வந்தார் என்பதற்கு இது சான்று.

1947 ஆகஸ்டு 29-இல் அமைக்கப்பட்ட வரைவுக் குழுவுக்கு அவர் தலைவரானார். 1948 நவம்பர் 4-ஆம் நாள் வரைவை அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்து பேசுகையில், அமெரிக்க முறைக்கும் நாம் மேற்கொண்ட முறைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். அமெரிக்காவில் குடியரசுத் தலைவரும் அவர்தம் அமைச்சர்களும் காங்கிரசின் உறுப்பினராக இருத்தல் இயலாது. குறிப்பிட்ட ஆண்டுகள் வரை அவர்களது ஆட்சி நிலையாக இருக்கும். நம் நாட்டிலோ அமைச்சர்கள் சட்டமன்றத்திலிருந்து வருகின்றனர். சட்டமன்றத்திற்குக் கூட்டாகப் பொறுப்புடையவர்கள். கேள்விக்கு விடை கூறவேண்டியவர்கள். நம்பிக்கை இழந்தால் விலகவேண்டியவர்கள். நிலைத்த ஆட்சியைவிட, நாள்தோறும் பொறுப்புக் கூறும் ஆட்சியே நமக்குத் தேவை என்பது அண்ணலின் முடிவு. ஒடுக்கப்பட்ட மக்களின் கண்கொண்டு நோக்கினால் இம்முடிவின் அருமை விளங்கும். அதிகாரத்தை நாள்தோறும் கேள்வி கேட்க வேண்டிய தேவை நம்மைவிட வேறு எவருக்கு அதிகம்?

நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்பது 50-ஆவது பிரிவாயிற்று. முன்னர்க் கூறிய பழைய கலெக்டர் முறைக்கு, 1974 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் நாடு முழுவதும் முற்றுப்புள்ளி வைத்தது. தீண்டாமையை ஒழித்தது 17-ஆவது பிரிவு. உரிமை பறிபோனால் நேரே உச்ச நீதிமன்றம் செல்லலாம் என்றது 32-ஆவது பிரிவு. சென்னை மாகாணத்திலிருந்து அச்சபைக்குச் சென்றவர்களுள் திரு. வி.ஐ. முனுசாமிப் பிள்ளை, திருமதி தாட்சாயணி வேலாயுதம், திரு. பி. கக்கன் போன்ற நம் மக்களும் இருந்தனர். பிலடெல்பியாவில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. புதுடில்லியில் நம்மவர் இருந்தனர். நம் அரசியல் சட்டத்திற்கும் அமெரிக்காவின் முதற் சட்டத்திற்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இதுவே என்பது என் கருத்து.

ஆணை மட்டும் போதுமா? செங்கற்பட்டு தரும் பாடம்

இனி நம் மண்ணின் வரலாற்றுக்கு வருவோம். 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர் என்னும் ஆங்கிலேயர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனையும் தமக்குச் சொந்தமில்லை, உழுகின்ற நிலமும் தமக்குச் சொந்தமில்லை என்னும் நிலையில் அவர்கள் வாழ்ந்ததை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாளிட்ட அரசாணை பிறந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க வழி ஏற்பட்டது. பஞ்சமி நிலம் என நாம் கூறுவது இவ்வாறு வழங்கப்பட்ட நிலத்தையே. பத்தாண்டுகள் வரை விற்கவோ தானம் செய்யவோ கூடாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கே விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என நிபந்தனைகள் விதிக்கப்பட்டன.

ஆணை நல்ல ஆணைதான். ஆனால் அன்று சென்னை மாகாணச் சட்டசபையில் நம் பிரதிநிதி ஒருவரும் இல்லை. ஆணையின் நிறைவேற்றத்தைக் கண்காணிக்க வாய் இல்லை. வழக்காடப் பொருள் இல்லை. ஆணையைப் படித்தறியக் கல்வி இல்லை. நிர்வாகம் என்னும் ஒரு கிளை மட்டும் நமக்காக அசைந்தது. மற்ற இரண்டும் நமக்கு எட்டா உயரத்தில் இருந்தன. விளைவு யாது? அந்நிலங்களில் பெரும்பகுதி காலப்போக்கில் பிறர் கைக்குச் சென்றது. நூறாண்டுகள் கழிந்தபின், காரணை என்னும் சிற்றூரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் போலீசார் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். 1892-இல் ஏட்டில் கொடுத்ததை 1994-இல் உயிர் கொடுத்துக் கேட்க நேர்ந்தது.

தீர்மானமும் சட்டமும்

சட்டமன்றத்தினுள் நம் குரல் முதலில் ஒலித்தது 1920-க்குப் பிறகு. அவ்வாண்டில் ராவ்பகதூர் எம்.சி. இராஜா அவர்கள் சென்னைச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார். இவர் பரங்கிமலையிற் பிறந்தவர். என்னைப் போல் ஓர் ஆசிரியர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. அடுத்து, 1923-இல் திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் உறுப்பினரானார். அவரும் செங்கற்பட்டு மாவட்டத்தவரே. 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கியவர். பின்னர் அண்ணலுடன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவர்.

1924-இல் சீனிவாசன் அவர்கள் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எவ்வகுப்பினரும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம் ஆகியவற்றை எவரும் அணுகலாம். இதற்கு எவரும் தடை கூறலாகாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசும் அதை ஏற்று ஆணையிட்டது. இன்று நம் இளைஞர்கள் சர்வசாதாரணமாக மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்லும் தெருக்களில், நடந்து செல்வதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

எனினும் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. தீர்மானம் சபையின் கருத்தை அறிவிப்பது. சட்டம் மீறினோரைத் தண்டிப்பது. இவ்வேறுபாட்டை நன்குணர்ந்த எம்.சி. இராஜா அவர்கள் முயன்று, சமூகத் தடைகளை நீக்கும் சட்டத்தை 1938-ஆம் ஆண்டின் 21-ஆவது சட்டமாக நிறைவேறச் செய்தார். வழக்கம் என்னும் பெயரால் நம்மீது சுமத்தப்பட்ட தடைகளுக்கு இனி நீதிமன்றம் துணை நிற்காது என்னும் நிலை இதனால் உண்டாயிற்று. மறு ஆண்டு, 1939 ஜூலை 8-ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் நுழைந்தனர். நுழைந்தவர்கள் மீது வழக்குத் தொடரப்படாமல் காக்க அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, பின்னர் அதை முறையான சட்டமாக்கியது. 1947-இல் கோயில் நுழைவுச் சட்டம் மாகாணம் முழுமைக்கும் வந்தது. விடுதலைக்குப் பின் 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும், 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்டன.

மூன்று கிளைகளும் சந்தித்த வழக்கு

மூன்று கிளைகளும் ஒன்றையொன்று எவ்வாறு தடுக்கின்றன, திருத்துகின்றன என்பதை அறிய, நம் சென்னையிலேயே தோன்றிய ஒரு வழக்கைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

அன்று சென்னை மாநிலத்தில் வகுப்புவாரி அரசாணை நடைமுறையில் இருந்தது. அரசு நடத்திய நான்கு மருத்துவக் கல்லூரிகளில் இருந்த இடங்கள் 330 மட்டுமே. நான்கு பொறியியற் கல்லூரிகளில் 395. நிரப்பப்படும் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்று அரிசனர் என்று குறிக்கப்பட்ட நம் மக்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. இது நிர்வாகத்தின் ஆணை.

1950 ஜனவரி 26-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் செண்பகம் துரைராசன் என்னும் அம்மையார், இவ்வாணை தம் அடிப்படை உரிமையைப் பாதிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் செய்ததாக மனுவிலிருந்து தெரியவில்லை என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. உயர் நீதிமன்றம் 1950 ஜூலை 27-இல் ஆணை செல்லாது என்றது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9-ஆம் நாள், ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற ஆயமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. நலிந்த பிரிவினரின் கல்வியைப் பேணவேண்டும் என்னும் 46-ஆவது பிரிவு அரசுக்கு வழிகாட்டும் நெறியே. அது அடிப்படை உரிமையை மீற இயலாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. வேலைவாய்ப்பில் ஒதுக்கீடு செய்ய அரசியல் சட்டத்தில் தனி விதி இருந்தது; கல்லூரி இடங்களுக்கு அத்தகைய விதி இல்லை. அந்த ஒரு விதி இல்லாமையால் கல்லூரிக் கதவு மூடப்பட்டது.

தமிழகம் கொதித்தெழுந்தது. தந்தை பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் பிறரும் கிளர்ச்சி செய்தனர். பாராளுமன்றம் செவிசாய்த்தது. பிரதமர் நேரு 1951 மே மாதத்தில் முதல் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். சட்ட அமைச்சராக இருந்த அண்ணல் அதனை ஆதரித்து வாதாடினார். ஜூன் 18-ஆம் நாள் அது சட்டமாயிற்று. சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்ட வகுப்பினர்க்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்னும் 15(4)-ஆவது உட்பிரிவு சேர்க்கப்பட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் இத்திருத்தத்திற்கும் இடைப்பட்டவை 70 நாள்களே.

நிர்வாகம் ஆணையிட்டது, நீதித்துறை தடுத்தது, சட்டமன்றம் அரசியல் சட்டத்தையே திருத்தி வழி திறந்தது. நம் பகுதியிலிருந்து இன்று மருத்துவராகவும் பொறியாளராகவும் விளங்கும் ஒவ்வொருவரும் அந்த 70 நாள்களுக்குக் கடன்பட்டவர்கள். 1994-இல் தமிழகத்தின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டைக் காக்க 76-ஆவது திருத்தம் வந்ததும் இவ்வழியிலேயே.

இதனால் நீதிமன்றம் நமக்குப் பகை என்று எவரும் கருதிவிடக் கூடாது. பாராளுமன்றம் விரும்பினாலும் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க இயலாது என்று 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பளித்து, அண்ணல் கட்டிய வீட்டின் அடித்தளத்தைக் காத்ததும் உச்ச நீதிமன்றமே. 2018 மார்ச்சில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கூர்மையைக் குறைக்கும் தீர்ப்பொன்று வந்தபோது, அதே ஆண்டு ஆகஸ்டில் பாராளுமன்றம் திருத்தச் சட்டம் இயற்றிச் சரிசெய்தது. 2020 பிப்ரவரியில் அத்திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே ஏற்றது. ஒரு கிளை தவறினால் மற்றொரு கிளையைப் பற்றிக்கொள்ளலாம். பற்றிக்கொள்ளக் கை இருக்கவேண்டும், அவ்வளவே.

நாற்காலி இருந்தும் அமர ஆளில்லை

1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது திருத்தங்கள் கிராமத்திற்கும் நகரத்திற்கும் உள்ளாட்சியை உறுதி செய்தன. தலைவர் பதவிகளிலும் நமக்கு இடம் ஒதுக்கின. தமிழகத்தில் 1996 அக்டோபரில் தேர்தல் அறிவிக்கப்பட்டது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க வகுப்பினரின் எதிர்ப்பால் வேட்புமனுத் தாக்கல் செய்ய ஆளில்லை. தாக்கல் செய்து வென்றோர் உடனே பதவி விலகச் செய்யப்பட்டனர். பத்தாண்டுகள் நாற்காலி இருந்தது, அமர ஆளில்லை. 2006-ஆம் ஆண்டில், அரசும் மாவட்ட நிர்வாகமும் முனைந்து நின்ற பின்னரே அங்கு முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர்.

மேலவளவில் நிகழ்ந்ததோ இதனினும் கொடியது. துணிந்து நின்று வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசன் அவர்கள் 1997 ஜூன் 30-ஆம் நாள், மதுரையிலிருந்து பேருந்தில் திரும்பும்போது தம் தோழர்களுடன் வெட்டிக் கொல்லப்பட்டார். நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆயினும் 2019-இல் அவர்களுள் 13 பேர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். தீர்ப்பு நீதிமன்றத்தின் கையில். விடுதலை நிர்வாகத்தின் கையில். ஆகவே தீர்ப்பு வந்துவிட்டது என்று நாம் உறங்கிவிடலாகாது.

அமெரிக்காவிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. பிரவுன் வழக்குத் தீர்ப்பின்படி 1957-இல் லிட்டில் ராக் நகர்ப் பள்ளிக்குச் சென்ற ஒன்பது கறுப்பின மாணவர்களை, அம்மாநில ஆளுநர் காவற்படையைக் கொண்டே தடுத்தார். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் இராணுவத்தை அனுப்பிய பிறகே அப்பிள்ளைகள் வகுப்பறையில் நுழைந்தனர். தீர்ப்புக்குத் தனியே கால்கள் இல்லை. நிர்வாகம் சுமந்து சென்றால்தான் அது வீதிக்கு வரும்.

நம் ஊரில் மூன்று கிளைகள்

தம்பிமார்களே, தங்கைமார்களே! இம்மூன்று கிளைகளும் டில்லியிலும் கோட்டையிலும் மட்டும் உள்ளன என்று எண்ணாதீர்கள். பூவிருந்தவல்லிச் சட்டமன்றத் தொகுதி 2011 தேர்தல் முதல் நமக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதி. ஆவடியும் பூவிருந்தவல்லியும் அடங்கிய திருவள்ளூர்ப் பாராளுமன்றத் தொகுதியும் 2009 முதல் தனித் தொகுதியே. ஆவடி 2019-இல் மாநகராட்சியாயிற்று. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலம். 2022 முதல் ஆவடிக்குத் தனிப் போலீஸ் ஆணையரகம் உண்டு. பூவிருந்தவல்லியில் நீதிமன்றங்கள் உள்ளன. சமதர்மப் பாங்கான சமுதாயம் அமைப்போம் என்று 1955-இல் காங்கிரஸ் மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது நம் ஆவடி மண்ணில்தான். மூன்று கிளைகளும் நமக்குப் பேருந்துத் தொலைவில் உள்ளன. நாம் அவற்றின் படியேறுகிறோமா?

இங்கே என் தவறு ஒன்றையும் கூறவேண்டும். நான் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், வேறோர் ஊரில் பணியாற்றியபோது, செங்கற்சூளைத் தொழிலாளியின் மகள் ஒருத்தி மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றாள். செவிலியர் படிப்பில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டும். தந்தை ஓர் அலுவலகத்திற்கு ஆறு வாரங்கள் நடந்தார். "நாளை வா" என்பதே விடை. ஒருநாள் நானும் உடன் சென்றேன். பி.ஏ., பி.எட். படித்தவன், குடிமையியல் கற்பிப்பவன். ஆனால் நானும் அம்மேசையின் முன் கைகட்டி நின்று வாயால் வேண்டினேனே தவிர, எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கவேண்டும், மறுத்தால் மேலதிகாரிக்கு முறையீடு செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைசி நாள் கடந்தது. அப்பெண் படிப்பில் சேரவில்லை. அவளுக்கு உரிமை தந்த 15(4) பாடநூலில் இருந்தது. நான் அதை வகுப்பில் நடத்தியும் இருந்தேன். அன்று அவளைக் கைவிட்டது அம்மேசைக்குப் பின்னால் இருந்தவர் மட்டுமல்லர். முன்னால் நின்ற நானும்தான்.

அன்று முதல் என் மாணவர்க்கு நான் மூன்று பழக்கங்களைத் தவறாது கற்பித்து வருகிறேன். முதலாவது, எதையும் எழுத்தில் கேள். நாளிட்டுப் படி எடுத்து, ஒப்புகை பெறு. இரண்டாவது, மறுப்பையும் எழுத்தில் வாங்கு. எழுதிய மறுப்பே மேல்முறையீட்டின் முதற்படி. விடை வராவிடில் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேள். முப்பது நாள்களில் விடை தருவது அதிகாரியின் கடமை. மூன்றாவது, எந்தக் கிளையிடம் எதைக் கேட்பது என்று தெரிந்து கேள். குழாய் வரவில்லை எனில் நகராட்சி ஆணையரும் வார்டு உறுப்பினரும்; சட்டமே போதாது எனில் சட்டமன்ற உறுப்பினர்; சட்டம் இருந்தும் உரிமை மறுக்கப்பட்டால் நீதிமன்றம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதோர்க்கு இலவசச் சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதியினர் வருமான வரம்பின்றி அதைப் பெறலாம்.

அரசியல் சட்டம் எவ்வளவு நல்லதாயினும், அதை இயக்குவோர் தீயவராயின் அதுவும் தீயதாகிவிடும் என்று அண்ணல் 1949 நவம்பர் 25-ஆம் நாள் தம் நிறைவுரையில் எச்சரித்தார். அரசியலில் சமத்துவமும், சமூக வாழ்விலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வுமாக முரண்பட்ட வாழ்க்கையில் நாம் நுழைகிறோம் என்றும் கூறினார். அம்முரண்பாடு இன்றும் தீரவில்லை. தீர்க்கும் பொறுப்பு, மூன்று கிளைகளிலும் சென்று அமரவேண்டிய உங்களுடையது. நம் கழகத்தின் மாலை வகுப்புகளில் பயின்றவர் சிலர் இன்று அரசுப் பணியில் உள்ளனர், சிலர் வழக்கறிஞராயுள்ளனர். இவ்வெண்ணிக்கை பெருகவேண்டும். மேசையின் இப்பக்கம் நிற்போர்க்குச் சட்டம் தெரியவேண்டும். அப்பக்கம் அமரப்போகும் நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக இரக்கமும் வேண்டும். "நாளை வா" என்னும் சொல் அவர்கள் வாயில் ஒருபோதும் வரலாகாது.

இக்கழகம் பொன்விழாக் காணும்போது நான் இருப்பேனோ இல்லையோ அறியேன். அன்று இம்மலரைப் புரட்டும் ஒரு மாணவன், "தெருக்குழாய்க்கு யாரிடம் மனுக் கொடுப்பது என்பதும் ஒரு பாடமா?" என்று வியந்து நகைப்பானாயின், அதுவே இக்கட்டுரைக்குக் கிடைத்த பயனாகும்.